ரத்தப் பங்காளி

தை 8, வியாழன்

பள்ளிக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை முகாம்.

தீர்த்தகிரி என்கிற எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுபவர் டெய்லர் ஜமால். வேலித் தகராறு நடந்த காலத்தில், நடப்பதை அன்றன்றைக்கு எழுதி வையுங்கள் என்று வக்கீல் சொன்னார். தகராறு தீர்ந்துவிட்டது, பழக்கம் தீரவில்லை. நான் பேசுவதை அப்படியே எழுதினால் கொச்சையாக இருக்கிறது என்று ஜமால் அதைப் புத்தகத் தமிழாக்கி விடுகிறார். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவரவர் வாயில் வந்தபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

முகாமுக்கு எங்கள் ஊர் புளியங்கொட்டாயும் பக்கத்து ஊர் ஏரிக்கொட்டாயும் திரண்டு வந்திருந்தன. மலையடிவாரத்து ஊர்களில் சில குடும்பங்களுக்கு ரத்தத்தில் ஒரு குறை வழிவழியாக வருகிறதாம். பெயர் தலசீமியா. நர்ஸ் ஜெயசீலி மைக் பிடித்து விளக்கினாள். குறை பாதியாக இருப்பவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஓடலாம், மூட்டை தூக்கலாம். அவர்களுக்குப் பெயர் கேரியர்.

"எந்த கேரியரும்மா? சோத்து கேரியரா, சைக்கிள் கேரியரா?" என்று டீக்கடை மாணிக்கம் கேட்டான். கூட்டம் சிரித்தது.

ஜெயசீலி சிரிக்கவில்லை. கேரியரும் கேரியரும் கட்டிக்கொண்டால் பிறக்கிற பிள்ளைக்குக் குறை முழுதாக வந்துவிடலாம், அந்தப் பிள்ளைக்கு ரத்தம் ஊறாது என்றாள். வரலாம், வராமலும் போகலாம் என்றாள். ஆளுக்கு ஒரு சந்தேகம் கேட்டார்கள். அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இரண்டு கொட்டாயிலும் எந்தச் சம்பந்தம் பேசினாலும் முறை கேட்க என்னிடம்தான் வருவார்கள். யாருக்கு யார் பங்காளி, யாருக்கு யார் மாமன் மச்சான் என்பது என் தலையில் இருக்கிறது. பங்காளி வீட்டில் பெண் எடுக்க முடியாது. எத்தனை தலைமுறை போனாலும் அவள் தங்கச்சிதான். அதனால் நான் எழுந்து சொன்னேன்: "இதுக்கு ஏம்மா இவ்ளோ பாடு? ரெண்டு பக்கமும் அந்தக் குறை இருந்தா பங்காளி மாதிரின்னு சொல்லு. பொண்ணு குடுக்க வாங்க ஆவாது. ரத்தப் பங்காளி."

கூட்டத்துக்கு உடனே விளங்கிவிட்டது. ஜெயசீலிக்கு முகமெல்லாம் பல். "தாத்தா, இத்தன நாளு எங்க இருந்தீங்க!" என்றாள்.

பேத்தி அபிநயாவும் ரத்தம் கொடுத்தாள், என் மகன் மாதையனும் கொடுத்தான். அபிக்கு ஏரிக்கொட்டாய் சென்றாயன் மகன் திருமாலைப் பேசி முடித்திருக்கிறோம். பையன் ஜேசிபி ஓட்டுகிறான். மாசியில் நிச்சயம், பங்குனியில் கல்யாணம்.

என்னையும் கையை நீட்டச் சொன்னாள் ஜெயசீலி. இந்த வயதில் எனக்கு யார் பெண் கொடுக்கப் போகிறார்கள் என்றேன். வீட்டில் சின்ன வயதில் பிள்ளைகள் தவறியதுண்டா என்று கேட்டாள். மாதையன் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்றேன். அவள் கேட்டது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

தை 10, சனி

மாடு ஈன்றது. கிடாரிக் கன்று. இரண்டும் சுகம்.

தை 14, புதன்

ஆஸ்பத்திரி ஜீப் எல்லா ஊருக்கும் போகிறது. "ரத்தப் பங்காளியா என்று பார்த்துப் பெண் எடுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். ஜெயசீலியின் குரலேதான். மாணிக்கம் என்னைப் பார்த்ததும், "பெரியவரு சொன்ன சொல்ல கவர்மென்ட்டே வாங்கிக்கிச்சி" என்று டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டான். எனக்குச் சர்க்கரை ஆகாது. குடித்தேன்.

தை 21, புதன்

முடிவு வந்தது. குறை இல்லாதவர்களுக்கு வெள்ளை அட்டை, பாதிக் குறை உள்ளவர்களுக்கு மஞ்சள் அட்டை.

மருமகள் சாலம்மாள் வெள்ளை. மாதையன் மஞ்சள். அபி மஞ்சள்.

சாயங்காலம் மாணிக்கம் கடையில் தெரிந்தது. திருமாலும் மஞ்சள்.

கிழங்குக் காட்டுக்குத் தண்ணீர் கட்டினேன். மோட்டாரில் வாஷர் போய்விட்டது போலிருக்கிறது. தண்ணீர் பீச்சி அடிக்கிறது.

தை 22, வியாழன்

சென்றாயன் வந்தான். வாசலில் செருப்பை விடாமல் மாட்டுக்கொட்டகைப் பக்கமே நின்றான். சாலம்மாள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான், குடிக்கவில்லை.

"கன்னு கிடாரியா?" என்றான்.

"ஆமா."

"நல்லது, பெரியப்பா."

போன வாரம் வரைக்கும் நான் அவனுக்கு மாமா. சாலம்மாள் சொம்பைத் திரும்ப வாங்காமல் அப்படியே உள்ளே போய்விட்டாள். மாதையன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனான். வேலை ஏதும் இல்லாத நேரம் அது.

தை 27, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரிக்கு அபியும் திருமாலும் போனார்கள். ஊர் வாய்க்குப் பயந்து சாலம்மாள் என்னையும் கூட அனுப்பினாள். பஸ்ஸில் இருவரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தார்கள், நடுவில் நான். இறங்கியதும் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து என்னைப் பின்னால் விட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மா சின்ன வயது. இரண்டு அட்டையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"கல்யாணமே பண்ணிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தேன்.

டாக்டரம்மா சொன்னது இது. கட்டிக்கொள்ளலாம். ஆனால் தெரிந்து கட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுக்குறை வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

"அப்போ மொதப் புள்ளைக்கு வந்துட்டா மத்த மூணுக்கும் வராதா?" என்றான் திருமால்.

"அப்படிக் கணக்கு கிடையாதுப்பா. ஒவ்வொரு தடவையும் சீட்டு புதுசா குலுக்கணும்."

கருத்தரித்த மூன்றாம் மாதத்தில் ஒரு பரிசோதனை இருக்கிறதாம். பிள்ளைக்கு எப்படி என்று அப்போதே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது இவர்கள் இருவரின் முடிவு. யாரும் வற்புறுத்த மாட்டார்கள். முழுக்குறையோடு பிறந்தாலும் மாதாமாதம் ரத்தம் ஏற்றி, மருந்து கொடுத்து வளர்க்கிறார்கள் என்றார். எதிர் வார்டில் அப்படி ஒரு பெண் ரத்தம் ஏறிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பத்து வயது இருக்கும். வயிறு வீங்கவில்லை. கன்னத்தில் சிவப்பு இருந்தது. நான் கொஞ்ச நேரம் கதவருகே நின்றேன். அந்தப் பெண்ணின் தாய், "யாரு வேணுங்க?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்று வந்துவிட்டேன்.

திரும்பும்போது இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். எனக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது.

தை 29, வியாழன்

மாணிக்கம் கடையில் அடிதடி. திருமால் டீ குடிக்கப் போயிருக்கிறான். எவனோ ஒருவன், "தங்கச்சி சுகமாடா?" என்று கேட்டிருக்கிறான். திருமால் கண்ணாடித் தம்ளரை அவன் மேல் வீசிவிட்டான். காயம் பெரிதில்லை.

அபி மருந்துக்கடை வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் பேசுகிறார்களாம். அண்ணனைக் கட்டப் போகிறவள்.

ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது வந்து நின்றாள். "டாக்டர் சொன்னத நீயும்தான் கேட்ட. ஊர்ல யாரும் டாக்டர் சொன்னத சொல்லல தாத்தா. நீ சொன்னததான் சொல்றாங்க. எடு அத."

சொன்ன வார்த்தையை எப்படி எடுப்பது என்றேன்.

"போட்டவன் நீதான? எப்படிப் போட்டியோ அப்படி எடு."

இதைச் சொன்னபோது ஜமால் மிஷினை நிறுத்திவிட்டு, "துணின்னா பிரிச்சிடலாம் பெரியவரே" என்றார். அவர் சொன்னதையும் எழுதச் சொன்னேன்.

மாசி 3, ஞாயிறு

சென்றாயன் ஆள் அனுப்பியிருக்கிறான். பையன் இவளைத்தான் கட்டுவேன் என்று சாப்பிடாமல் கிடக்கிறானாம். நிச்சயத்துக்கு வருகிறோம், ஆனால் பத்துப் பேர் முன்னால் முறை கேட்போம், தீர்த்தகிரிப் பெரியவர் வாயால் முறை உண்டு என்று வந்தால்தான் தட்டு மாற்றுவோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

பங்காளி இல்லை என்று சொன்னால் நான் சொன்னது பொய் என்று ஆகும். அப்புறம் ஊரில் எவனும் அந்த அட்டையைத் திரும்பிப் பார்க்க மாட்டான். கூரை ஓலையில் செருகிவிட்டுப் போவார்கள். பங்காளி என்று சொன்னால் அபி கல்யாணம் இல்லை.

சாலம்மாள் இன்று என்னிடம் பேசவில்லை. சோறு போட்டாள்.

மாசி 4, திங்கள்

கொழுந்தியாள் காவேரி வந்தாள். என் மனைவி பூங்காவனத்தின் தங்கை. அக்கா போன பிறகும் வருடத்துக்கு இரண்டு முறை வந்து வீட்டைச் சோதனை போட்டுவிட்டுப் போவாள். வந்ததும் வராததுமாகப் பையைக் கீழே வைக்காமல் ஆரம்பித்தாள்.

"இன்னா மாமா, நீ புதுசா ஒரு பங்காளி கண்டுபுடிச்சியாமே. எங்க ஊரு வரைக்கும் மைக்குல கத்தறாங்க."

"உக்காரு மொதல்ல."

"உக்காந்துதான் கேக்கறேன். ரெண்டு பேருக்கும் அந்தக் கொற இருந்தா பங்காளி. அப்படித்தான?"

"அப்படித்தான்."

"அப்போ எங்கக்கா உனக்கு இன்னா முறை? தங்கச்சியா?"

சாலம்மாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"வாய்க்கு வந்தத பேசாத," என்றேன்.

"எது வாய்க்கு வந்தது? கிட்டான் எப்படிப் போனான்? நடக்கற வயசுல நடக்காம, மெழுகு கணக்கா வெளுத்து, வயிறு மட்டும் பான மாதிரி. தெய்வக் குத்தம்னு மலையேறி கெடா வெட்டினீங்க. அடுத்து செல்லி. அவளும் அச்சு அசல் அதே மாதிரி. மாதையன் பொறந்தப்ப அக்கா தெனம் அவன் கண்ண இழுத்து இழுத்து பாக்கும், உள்ள செவப்பு இருக்குதான்னு. நான் பக்கத்துலதான் இருந்தேன். நீ லாரிக்கு லோடு ஏத்தப் போயிடுவ."

மாதையன் தனக்கு மூத்த பிள்ளைகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லை. அவன் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். கை நின்றது.

இந்த இடத்தில் ஜமால் பேனாவை வைத்துவிட்டார். எழுதுங்கள் என்றேன்.

கிட்டான் ஒன்றே முக்கால் வயது. மாம்பூ பூத்த சமயம். செல்லிக்கு இரண்டு பல் மேலே, இரண்டு பல் கீழே. இரண்டு பேரையும் ஓடைக்கரைப் புங்கமரத்துக்குக் கிழக்கே வைத்தோம். மரம் இப்போது இல்லை. பாலம் கட்டும்போது எடுத்துவிட்டார்கள். இடம் எனக்குத் தெரியும்.

பூங்காவனம் அந்தப் பெயர்களைச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. சண்டை போட்டுக்கொண்டபோதுகூட.

மாசி 5, செவ்வாய்

அரூர் போனேன். மோட்டாருக்கு வாஷர் வாங்கினேன். கன்றுக்கு மணி வாங்கினேன். வழியில் ஆஸ்பத்திரியிலும் ஒரு வேலை இருந்தது. ஜெயசீலிதான் ரத்தம் எடுத்தாள். எதற்குத் தாத்தா இப்போது என்றாள். பெண் பார்க்கிறார்கள் என்றேன்.

மாசி 9, சனி

வாஷர் சரியில்லை. அளவு தப்பு.

மாசி 14, வியாழன்

அட்டை வந்தது. ஜெயசீலி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். படித்துக் காட்டட்டுமா என்றாள். நிறம் பார்க்க எழுத்து எதற்கு.

மாசி 18, திங்கள்

நிச்சயம்.

காலையிலிருந்தே புழுக்கம். வாசலில் பந்தல் போடவில்லை. நடக்குமோ நடக்காதோ என்று மாதையன் போடவில்லை. ஜமுக்காளம் மட்டும் விரித்தோம். ஏரிக்கொட்டாயிலிருந்து சென்றாயன் வகையில் பதினைந்து பேருக்கு மேல் வந்தார்கள். தட்டுகளை ஆட்டோவிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார்கள். திருமால் ஓரமாக நின்றான். முகம் ஒடுங்கிப் போயிருந்தான். அபி உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்றாள். சாலம்மாள் உள்ளே வரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் வரவில்லை. ஜெயசீலியையும் நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

சென்றாயனின் சின்னமாமன் ஆரம்பித்தார். "பெரியவரே, சுத்தி வளைக்க வேணாம். பொண்ணு மேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. பையனும் விடமாட்டேங்கறான். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குது. ரெண்டும் மஞ்ச அட்டை. நீங்க சொன்ன சொல்லு. முறை உண்டா, இல்லியா?"

நான் சட்டைப்பையிலிருந்து என் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். கை மாறி மாறிப் போயிற்று. எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

"மஞ்சளு," என்றார் சின்னமாமன்.

"ஆமா. என்னோடது. பூங்காவனத்துக்கு அட்டை கெடையாது. அவ போனப்ப இதெல்லாம் வரல. வந்திருந்தா அவளுதும் மஞ்சள்தான்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்களுக்குக் கிட்டான்னு ஒரு பையன். செல்லின்னு ஒரு பொண்ணு. மாதையனுக்கு மூத்தது. ரெண்டும் ரத்தம் ஊறாம போச்சு."

கூட்டத்தில் வயதானவர்கள் சிலர் தலையைக் குனிந்தார்கள். அவர்களுக்குத் தெரியும். இளவட்டங்கள் ஜெயசீலியைப் பார்த்தார்கள். அவள் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். ரெண்டு பக்கமும் பாதி இருந்தால்தான் பிள்ளைக்கு முழுசாக வரும் என்றாள். இந்த முறை மைக் இல்லை; எல்லோருக்கும் கேட்டது.

"நானும் அவளும் நாப்பத்தேழு வருசம் குடும்பம் நடத்துனோம். முறை பாத்து, ஊர் கூடி, தட்டு மாத்திக் கட்டுன கல்யாணம். இந்தக் கூட்டத்துலயே அன்னிக்கு சோறு தின்னவங்க இருக்கறாங்க. அது பங்காளிக் கல்யாணம்னு எவனாவது சொல்லட்டும். அப்புறம் நான் இதுக்குப் பதில் சொல்றேன்."

காவேரிதான் பின்னாலிருந்து, "சொல்லுங்களேன்டா, எங்கக்கா தங்கச்சியா பொண்டாட்டியா?" என்றாள். யாரோ ஒருவர் சிரித்துவிட்டு இருமினார்.

சின்னமாமன் விடவில்லை. "சரி பெரியவரே. அப்போ இந்த அட்டைக்கு இன்னாதான் அர்த்தம்? கிழிச்சிப் போட்டுடலாமா?"

"கிழிக்காத. அது முறை சொல்ற அட்டை இல்ல. முன்னாடியே தெரிஞ்சிக்கற அட்டை. நான் சொன்ன சொல்லு அதுக்குப் பொருந்தல."

"தெரிஞ்சி இன்னா பண்றது? நாளைக்கு இதுங்களுக்கும் அதே மாதிரி புள்ள பொறந்தா?"

இதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் அபி பேசிவிட்டாள். நிச்சயத்துப் பெண் வாசற்படியில் நின்று கூட்டத்துக்குப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. "மூணாம் மாசம் பரிசோதன இருக்குது சித்தப்பா. நானும் இவரும் டாக்டர் கிட்ட எல்லாத்தையும் கேட்டாச்சு. தேதி மொதக்கொண்டு கேட்டாச்சு. எந்த முடிவு வந்தாலும் நாங்க எடுக்கறது. அத ஊரு எடுக்க வேணாம்."

"சித்தப்பா இல்லடி," என்றாள் காவேரி. "தாத்தா முறை ஆவுது. கட்டறதுக்கு முன்னாடியே முறைய மாத்தாத."

இந்த முறை சிரித்தது நிறையப் பேர். சின்னமாமனும் சிரித்தார். அபிக்கு முகம் சிவந்துவிட்டது. திருமால் அவளைப் பார்த்தான்.

எனக்குச் சொல்ல ஒன்று மிச்சம் இருந்தது. சொன்னேன்.

"இவங்களுக்கு மூணாம் மாசம்னு ஒண்ணு இருக்குது. எங்களுக்கு அது கெடைக்கல. எங்களுக்கு ஒண்ணே முக்கா வயசுதான் கெடைச்சுது."

கொட்டகையில் கன்று கத்தியது. மாதையன் எழுந்து போய்த் தாயிடம் விட்டுவிட்டு வந்தான். வந்தவன் தன் இடத்துக்குப் போகாமல் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

சென்றாயன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான், மறுபடியும் திருப்பினான். எழுந்து வந்து என்னிடம் கொடுத்தான். மேற்கே பார்த்தான்.

"மாமா, மழ வர்ற மாதிரி கீது," என்றான். "நனையறதுக்குள்ள தட்ட எறக்கச் சொல்லட்டுமா?"

சொல்லு என்றேன்.